நீலகிரியில் கட்டட வேலை எடுக்க என்னென்ன பதிவு வேண்டும்? மேஸ்திரி முதல் அரசு ஒப்பந்ததாரர் வரை முழுமையான வழிகாட்டி

குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்க நின்றால் மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்டுவிடுகிறார். "அண்ணா, பதினஞ்சு வருசமா கொத்து வேலை பார்க்கிறேன். இனிமே சொந்தமா காண்ட்ராக்ட் எடுக்கலாம்னு இருக்கேன். லைசென்ஸ் எந்த ஆபீஸ்ல கொடுக்கறாங்க?"

அப்படி ஒரு ஆபீஸ் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ஒப்பந்ததாரர்களுக்கென்றே தனி உரிம வாரியம் உண்டு. தேர்வு எழுதி, அனுபவம் காட்டி, உரிம எண் வாங்கினால்தான் வேலை எடுக்க முடியும். தமிழ்நாட்டில் தனியாருக்கு வீடு கட்டித் தரும் மேஸ்திரிக்கு அப்படி ஒரு பொது உரிமம் கிடையாது. அதனால் பலர் "நமக்கு எந்தக் காகிதமும் வேண்டாம்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது. காண்ட்ராக்டர் லைசென்ஸ் என்று ஒற்றைக் காகிதம் இல்லையே தவிர, வயரிங்குக்கு ஒரு சான்று, பிளானில் கையெழுத்துப் போட ஒரு பதிவு, அரசு டெண்டருக்கு வேறொரு பதிவு, வேலையாட்களுக்கு நல வாரிய அட்டை என்று துண்டு துண்டாக நிறையவே இருக்கின்றன. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இவற்றோடு மண்ணை வெட்டும் அனுமதியும் சேர்ந்துகொள்கிறது. கீழே சமவெளியில் இருக்கும் உறவுக்காரர் சொல்வதைக் கேட்டு இங்கே வேலை தொடங்கி மாட்டிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் போட்டிருக்கும் வரிசை மற்றவர்கள் சொல்வதிலிருந்து கொஞ்சம் மாறும். எல்லோரும் ஜிஎஸ்டியிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் ஆட்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் உங்கள் வேலை எந்த வகை என்று பாருங்கள்

கூலிக்கு மட்டும் ஆள் வைத்துக் கட்டித் தருகிறீர்களா, பொருளோடு சேர்த்து எடுக்கிறீர்களா? இது முதல் கேள்வி. வரி, பொறுப்பு எல்லாம் இதைப் பொறுத்தே மாறும். அடுத்தது, வீட்டுக்காரருடைய இடத்தில் அவருக்காகக் கட்டுகிறீர்களா, நீங்களே இடம் வாங்கிக் கட்டி விற்கிறீர்களா? கட்டி விற்பவர் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்ததாரர் இல்லை, புரமோட்டர். மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போனாலோ தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது ரெராவில், பதிவு செய்யாமல் விளம்பரம்கூடப் போடக்கூடாது. இன்னொருவர் இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவருக்கு ரெரா தேவையில்லை.

படி 1: நல வாரிய அட்டை, உங்களுக்கும் உங்கள் ஆட்களுக்கும்

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ல் அமைக்கப்பட்டது. அதன் அடிப்படை 1982-ம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர்கள் சட்டம். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆள், பெயிண்டர், தச்சர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று கட்டட வேலையில் இருக்கும் ஏறக்குறைய எல்லாரும் இதற்குள் வந்துவிடுவார்கள். பதிவு இலவசம். இ-சேவை மையத்தில் போட்டால் அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும்தான். "கார்டு வாங்கித் தர்றேன், இரண்டாயிரம் கொடு" என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஆதார், குடும்ப அட்டை, வங்கி பாஸ்புக், வயதுச் சான்று, போட்டோ, கட்டட வேலைதான் செய்கிறார் என்பதற்கான பணிச்சான்று ஆகியவை வேண்டும். நம் பக்கத்தில் சிக்கல் வருவது குடும்ப அட்டையிலும் முகவரியிலும்தான். எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்து, தோட்ட வேலையை விட்டுவிட்டுச் சித்தாள் வேலைக்கு வந்த பெண்கள் இங்கே நிறைய. அட்டையில் பழைய எஸ்டேட் முகவரி இருக்கும், ஆதாரில் கணவர் ஊர் இருக்கும், இப்போது குடியிருப்பது மூன்றாவது இடமாக இருக்கும். இரண்டையும் ஒரே முகவரிக்கு மாற்றிவிட்டுப் பிறகு விண்ணப்பம் போடுங்கள். அவசரப்பட்டுப் போட்டால் அது திரும்பி வரும். அந்த அக்கா அரை நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடியும் அலைய வேண்டும்.

இதை ஏன் முதலில் வைத்தேன் என்று சொல்கிறேன். 2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேல் காந்தி நகரில் ஒரு வீட்டு வேலைக்கு மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலே இருந்த கட்டடம் சரிந்து விழுந்தது. ஆறு பெண்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். ஆறு பேரும் கூலி வேலைக்கு வந்தவர்கள். அன்றைக்குச் சாயங்காலம் இந்த மலையில் கட்டட வேலை செய்கிற ஒவ்வொருவரும் அவரவர் சைட்டில் நிற்கும் சித்தாள்களின் முகத்தை ஒரு தடவை நினைத்துப் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தேன். என்னிடம் அப்போது பதினொரு பேர் இருந்தார்கள். அதில் நாலு பேருக்கு அட்டை புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. வாரியம் பிள்ளைகள் படிப்புக்குத் தரும் உதவித்தொகை, மகப்பேறு உதவி, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாமே அந்த அட்டை உயிரோடு இருந்தால்தான். அந்த வாரமே நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் புதுப்பித்தேன்.

வாரியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதி. பிளான் அப்ரூவல் வாங்கும்போதே வீட்டுக்காரர் கட்டிவிடுகிறார். நம் ஆட்கள் பெயரில் வசூலான பணம் அது. அட்டை போடாவிட்டால் நட்டம் அவர்களுக்கு.

இதோடு சைட்டுக்கு ஒரு தொழிலாளர் இழப்பீட்டு இன்சூரன்ஸ் பாலிசியும் எடுங்கள். குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட மாதங்களுக்கு, இத்தனை ஆட்கள் என்று கணக்குச் சொல்லி எடுக்கலாம். அந்தப் பிரீமியத்தை எஸ்டிமேட்டிலேயே ஒரு வரியாகக் காட்டிவிடுங்கள். நான் கேட்ட எந்த வீட்டுக்காரரும் அதை மறுக்கவில்லை.

வெளிமாநில ஆட்கள் உட்பட ஒப்பந்தத் தொழிலாளர்கள் 50 பேரைத் தொட்டால் தொழிலாளர் துறையின் உரிமமும் வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த எண்ணிக்கை இதுதான். நம் மலையில் ஒரே மேஸ்திரியிடம் 50 பேர் இருப்பது அபூர்வம் என்பதால் இதை இதோடு விடுகிறேன்.

படி 2: கையில் இருக்கும் தொழிலுக்குச் சான்று

கொத்து வேலை, தச்சு வேலை, டைல்ஸ், பெயிண்டிங் இவற்றுக்குச் சட்டப்படி உரிமம் எதுவும் கட்டாயமில்லை. ஆனால் சான்று இருந்தால் வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் நேரடியாகப் பயன்படும். அப்பாவிடமோ மேஸ்திரியிடமோ நின்று கற்றுக்கொண்டவர்களுக்கு முன்அனுபவத்தை மதிப்பிட்டுத் தரும் திறன் சான்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாகவும் கிடைக்கிறது. ஐடிஐ-யில் சேர்ந்து படிக்க முடியாதவர்கள் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதவும் வழி உண்டு. அறிவிப்பு வரும் சமயத்தில் குன்னூர் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் நேரில் விசாரியுங்கள்.

பிளம்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுக்குள் குழாய் போடுவது வேறு, நகராட்சி மெயின் பைப்பிலிருந்து இணைப்பு எடுப்பது வேறு. இரண்டாவதை உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல், அவர்களிடம் பதிவு பெற்ற பிளம்பர் இல்லாமல் தொடக்கூடாது. ஊட்டி, குன்னூர் மாதிரி தண்ணீர் முறை வைத்து விடும் ஊர்களில் இதை மீறினால் முதலில் பிடித்துக் கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

படி 3: வயரிங். இங்கே உரிமம் உண்மையாகவே கட்டாயம்

கட்டடத் தொழில்களில் சட்டம் கறாராக நிற்பது மின்வேலையில். மின் இணைப்புப் பணிகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் எடுக்க வேண்டும். தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் அது நடக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முதலில் 2010-ல் வந்தவை, பிறகு 2023-ல் திருத்தி எழுதப்பட்டன. தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைத் தருவது சென்னை கிண்டியில் இயங்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம்.

ஏணி இப்படி. அடியில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிச் சான்று. அதற்கு மேல் வயர்மேன் சான்று. அதற்கு மேல் சூப்பர்வைசர் சான்று. இது டிப்ளமோ அல்லது டிகிரியோடு அனுபவமும் உள்ளவர்களுக்கு. இவை மூன்றும் ஆளுக்குத் தரப்படுபவை. ஒப்பந்ததாரர் உரிமம் இவற்றிலிருந்து தனி. அது தொழிலுக்குத் தரப்படுவது. வேலையின் அளவையும் மின்னழுத்தத்தையும் பொறுத்து இபி, இஏ என்று பல நிலைகள் அதில் உண்டு. அந்த உரிமத்துக்கு மனுப் போடும்போது உங்கள் பெயரில் சான்று பெற்ற சூப்பர்வைசரும் வயர்மேனும் பணியில் இருப்பதைக் காட்ட வேண்டும். இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர், எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர் போன்ற கருவிகளும் உங்களிடமே இருக்க வேண்டும். ஒரு சூப்பர்வைசர் ஒரே சமயத்தில் இரண்டு ஒப்பந்ததாரர்களிடம் பெயர் கொடுக்க முடியாது. "என் சர்டிபிகேட்டை வச்சுக்கோ, மாசம் இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

படிக்காமல் கைப்பழக்கத்தால் வயரிங் கற்றவர்களுக்கான கதவு அந்த உதவியாளர் தேர்வுதான். விண்ணப்பிக்கும் நாளில் 21 வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. வயரிங் வேலையில் ஐந்து வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். அதோடு அரசு நடத்திய மின்கம்பியாள் மாலை நேர வகுப்பில் தேர்ச்சி போன்ற பயிற்சித் தகுதியையும் அறிவிப்பில் கேட்பார்கள்; எது உங்களிடம் இருக்கிறது என்பதை அறிவிப்பை வைத்துக்கொண்டு சரிபாருங்கள். தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. அறிவிப்பு மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக நாளிதழில் ஒரு சின்னப் பெட்டியில் வந்துவிட்டுப் போய்விடும். பார்க்கத் தவறினால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்யும் ஒரு வயர்மேன், கோத்தகிரி பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருடம் வயர் இழுத்தவர். கண்ணை மூடிக்கொண்டு மெயின் போர்டு கட்டுவார். காகிதம் என்று ஒன்றுமில்லை. முதல் தடவை விண்ணப்பம் போட்டபோது அனுபவச் சான்றில் மாட்டிக்கொண்டார். சான்று கொடுத்த ஒப்பந்ததாரர் தன்னுடைய உரிமத்தையே இடையில் இரண்டு வருடம் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். அந்த இரண்டு வருடமும் கணக்கில் வராமல் போய்விட்டது. இரண்டாவது தடவை வேறொருவரிடம் வேலை செய்த காலத்துக்கும் தனியாகச் சான்று வாங்கி, தேதிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கிக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். செய்முறைத் தேர்வுக்காக வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு மரப்பலகையை மாட்டி, மாடிப்படி விளக்குக்குப் போடும் இரண்டு டூ-வே சுவிட்சு இணைப்பை ராத்திரி ராத்திரி கட்டிக் கட்டி அவிழ்த்தார். "இதை ஆயிரம் வீட்டுல போட்டிருக்கேன், ஆனா அளவு வச்சு, நேரம் வச்சு, கிளிப் வரிசையா ஒருத்தர் பார்க்கிற மாதிரி போட்டதே இல்லை" என்றார். அதனால் சொல்கிறேன், அனுபவச் சான்று வாங்கும்போது கொடுப்பவரின் உரிம எண்ணையும் அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

மலையில் வயரிங் எடுப்பவர்களுக்கு எர்த் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சரிவில் நாலடி தோண்டினால் பாறை தட்டும், எர்த் ராடு முழுசாக இறங்காது. ஜூலை மழையில் அளந்தால் எர்த் டெஸ்டர் நல்ல அளவு காட்டும். பனி விழுந்து மண் காய்ந்த பிப்ரவரியில் அதே குழியை அளந்தால் அளவு ஏறியிருக்கும். ஆகவே மழைக்கால அளவை வைத்து ரிப்போர்ட் எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஒரு குழி போதாத இடத்தில் இரண்டு குழி போட்டு இணைத்துவிடுங்கள். மெயின் போர்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி-யை வைக்காமல் வீட்டை ஒப்படைக்காதீர்கள். ஈரச் சுவரும் கீசரும் சேர்ந்த ஊர் இது.

படி 4: பிளானில் கையெழுத்துப் போடுவது யார்

மேஸ்திரி எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் பிளானில் கையெழுத்துப் போட முடியாது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண் ஆய்வுப் பொறியாளர் என்று தொழில்முறையாளர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பதிவு செய்யச் சொல்கின்றன. ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்க வேண்டுமானால் 1972-ம் ஆண்டு சட்டப்படி கட்டடக் கலைஞர் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். சிவில் படித்துவிட்டு வரும் தம்பி தங்கைகள் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பதிவுதான். பட்டம் மட்டும் இருந்தால் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

நீங்கள் மேஸ்திரி என்றால், பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரோடு நிரந்தரமான தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். அவர் சைட்டுக்கு வந்து காலை மண்ணில் வைத்துப் பார்க்கிறவராக இருக்கட்டும். ஆபீசில் உட்கார்ந்தபடி கையெழுத்தை மட்டும் விற்பவர் மலைக்கு ஆக மாட்டார்.

படி 5: மலைக்கென்று இருக்கும் அனுமதிகள்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். இந்த அனுமதிகளில் பெரும்பாலானவற்றை வாங்க வேண்டியவர் வீட்டுக்காரர். ஆனால் அனுமதி இல்லாத இடத்தில் மண்வெட்டியை இறக்கியவர் நீங்கள் என்றால் வழக்கில் உங்கள் பெயரும் வரும். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் கீழே சொல்லும் உத்தரவுகளின் நகலைக் கையில் வாங்கிப் படித்துவிடுங்கள். "எல்லாம் பேசியாச்சு, நீங்க ஆரம்பிங்க" என்ற வார்த்தையை நம்பி ஒரு தடவை நான் அஸ்திவாரம் தோண்டினேன். இருபது நாள் கழித்து வேலை நின்றது. கூலி கொடுத்தது என் கையிலிருந்து.

நீலகிரி மாவட்டம் முழுவதும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வருகிறது. எல்லாரும் ஹாகா என்போம். 1990-ல் அமைக்கப்பட்டது. ஹாகாவுக்குப் போகும் வேலைகளில் வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை, வருவாய்த்துறை என்று பல துறைகளின் கருத்து வாங்குவார்கள். இத்தனை எதற்கு என்று கோபப்படுபவர்கள் உண்டு. சரிவின் கோணம், அடியில் என்ன மண், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று இவர்களைத் தவிர வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? 1993-ல் மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கவும் மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

அடுத்தது உயரமும் பரப்பும். 1993-ல் வந்த மலை வாசஸ்தலக் கட்டட விதிகளின் காலத்திலிருந்து கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்ற வரம்பு இங்கே பழக்கம். 1,500 சதுர அடியைத் தாண்டும் கட்டடங்கள் டிரிபிள் ஏ கமிட்டி என்று நாம் சொல்லும், கட்டட அழகியலைப் பார்க்கும் குழுவின் முன் போகும். கீழே கட்டிய மாதிரி மூன்று மாடி எஸ்டிமேட் போட்டுக்கொண்டு வராதீர்கள். தரைத்தளத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு, சரிவைக் குடைந்து "கீழ்த்தளம்" என்று இரண்டு மாடி இறக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த வேலையை எடுக்கவே எடுக்காதீர்கள். மேலே இருக்கும் வீட்டுக்காரர் எதை நம்பித் தூங்குவார்?

இயந்திரம். ஜேசிபி, பொக்லைன் எதுவாக இருந்தாலும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்கக்கூடாது. வண்டியை வாடகைக்கு விடுபவர் "ராத்திரி வந்து முடிச்சிட்டுப் போயிடுறேன்" என்பார். வண்டி பறிமுதலானால் அவரும் உங்களைத்தான் பிடிப்பார். ஆழ்துளைக் கிணறு தோண்டவும் இங்கே தடை இருக்கிறது. தண்ணீருக்கு வேறு ஏற்பாட்டை எஸ்டிமேட் போடும்போதே யோசியுங்கள். பாறையை வெடி வைத்து உடைப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஆள் வைத்து உளியால் உடைக்கும் கூலியைப் போடுங்கள்.

மரம். இடத்துக்குள் நிற்கும் மரமானாலும் 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்காமல் வெட்ட முடியாது. வீட்டுக்காரர் தன் பட்டா நிலம் என்று சொன்னாலும் இதே கதைதான்.

நிலத்தின் பத்திரம். கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை எடுத்தால் முதல் கேள்வி, ஜென்ம நிலமா, அதாவது ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களிடம் இருந்த நிலமா என்பதுதான். 1969-ம் ஆண்டு ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கியிருக்கும் நிலத்தில் வீடு கட்டிவிட்டு மின் இணைப்புக்காக வருடக்கணக்கில் அலைகிற குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடமா என்று பாருங்கள். 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் அங்கே விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விடுதிக்காரருக்குக் கட்டடம் முடங்கினால், கட்டிக்கொண்டிருக்கும் காண்ட்ராக்டருக்குப் பாக்கிப் பணம் முடங்கும்.

அனுமதி எல்லாம் கையில் இருந்தாலும் மண்ணை வெட்டும் முறையில் கைவைக்கும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. ஒரே நாளில் பன்னிரண்டு அடிக்குச் செங்குத்தாக வெட்டி, மேலே தார்ப்பாய் போட்டுவிட்டுப் போகிற பழக்கத்தை விடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் கேத்தி பக்கம் ஒரு சைட்டில், வெட்டிய முகத்துக்கு மூன்றடி மேலே புல் வேர் தெரிகிற மாதிரி மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், உள்ளே மண் அல்வா மாதிரி வழுக்கியது. ஆட்களைக் கீழே இருந்து எழுப்பினேன். மறுநாள் காலையில் அந்தத் துண்டு கீழே கிடந்தது. படிப்படியாக வெட்டுங்கள், ஒரு பகுதியை வெட்டி, தடுப்புச் சுவரை எழுப்பி, பின்னால் கல் நிரப்பி, தண்ணீர் வடியும் ஓட்டைகளை விட்டுவிட்டு, அப்புறம் அடுத்த பகுதிக்குப் போங்கள். தடுப்புச் சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் அதன் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அந்த மாதிரி ஒரு நாளுக்கும் நம் சுவர் நிற்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புதிதாக மண் வெட்டும் வேலையை நான் எடுப்பதில்லை. வருமானம் குறையும், உண்மைதான். உள்வேலையை அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வைத்துச் சமாளிக்கிறேன்.

படி 6: தொழில் பதிவுகள்

இது சுலபமான பகுதி. பான் அட்டை, தொழில் பெயரில் நடப்புக் கணக்கு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு. உத்யம் முழுக்க இலவசம். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் போலித் தளங்களில் பணம் கட்டி ஏமாறாதீர்கள்.

ஜிஎஸ்டி பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பொருளோடு எடுக்கும் கட்டட ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 18 சதவீதம் வரும். ஆனால் தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்டும் கூலி ஒப்பந்தம் மட்டும் என்றால், பொருள் எதையும் நீங்கள் வாங்கித் தராதபட்சத்தில், அதற்கு வரிவிலக்கு இருக்கிறது. நம் மேஸ்திரிகளில் பாதிப் பேர் இந்த வகைதான். அதனால்தான் முதலிலேயே கூலியா, பொருளோடா என்று கேட்டேன். ஒப்பந்தப் பத்திரத்தில் அந்த வார்த்தையைத் தெளிவாக எழுதுங்கள். உள்ளாட்சிக்குத் தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

படி 7: அரசு வேலைக்குப் பதிவு

தாங்கிப் பிடிக்க முதல் இருந்தால் மட்டும் இங்கே வாருங்கள். வேலை முடிந்து, எம் புக் என்னும் அளவுப் பதிவேட்டில் அளவு ஏறி, பில் பாஸாகி, பணம் வரும்வரை கடைக்காரருக்கும் ஆட்களுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பொதுப்பணித்துறையில் ஒப்பந்ததாரர் பதிவு ஐந்து வகுப்புகளாக இருக்கிறது. எவ்வளவு தொகைக்கான வேலை எடுக்கலாம் என்பதை வகுப்பு தீர்மானிக்கும். வகுப்பு ஏற ஏறப் பதிவு செய்யும் அதிகாரியின் நிலையும் ஏறும். புதியவர்கள் ஐந்தாம் வகுப்பில் நுழைந்து, முடித்த வேலைகளின் சான்றுகளைச் சேர்த்து மேலே போவதுதான் வழக்கம். தாசில்தாரிடம் வாங்கும் சொத்து மதிப்புச் சான்று, அதாவது சால்வன்சி, முக்கியமான காகிதம். அதோடு பான், ஜிஎஸ்டி, வேலை அனுபவச் சான்றுகள், நன்னடத்தைச் சான்று. நெடுஞ்சாலைத்துறை, உள்ளாட்சி அமைப்புகள், ஊரக வளர்ச்சித்துறை ஆகியவை தனித்தனியாகப் பதிவு கேட்கும். ஒன்றில் பதிவு இருப்பதால் மற்றொன்றில் தானாக இடம் கிடைக்காது. வெலிங்டன் ராணுவ முகாம் இருப்பதால் நமக்கு இன்னொரு கதவும் உண்டு. ராணுவப் பொறியியல் பணிகள் துறையான எம்.இ.எஸ். தன் ஒப்பந்ததாரர்களைத் தனியாகச் சேர்த்துக்கொள்கிறது. போலீஸ் சரிபார்ப்பு இருக்கும். பில் ஒழுங்காக வரும் என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். ஸ்பெசிபிகேஷனில் ஒரு நூல் பிசகினாலும் இடிக்கச் சொல்வார்கள் என்றும் அவர்களே சொல்வார்கள்.

டெண்டர்கள் 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடக்கின்றன. பெரும்பாலானவை இப்போது ஆன்லைன். அதற்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். என்னுடைய இரண்டாவது டெண்டரில் விலை, வைப்புத்தொகை எல்லாம் சரியாக இருந்தது. கடைசி நாள் மாலை நாலரை மணிக்குப் பதிவேற்ற உட்கார்ந்தபோது டிஜிட்டல் கையொப்பம் முந்தின வாரமே காலாவதியாகியிருந்தது. கரண்ட்டும் மழைக்காக அரை மணி நேரம் போய் வந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போனது. இப்போதெல்லாம் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுகிறேன்.

ஃபைலும் தேதிகளும்

ஒரு நாற்பது பக்க நோட்டில் முதல் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதுங்கள். நல வாரியப் புதுப்பிப்பு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஆள் ஆளாகத் தேதியோடு. மின் உரிமம், டிஜிட்டல் கையொப்பம், சால்வன்சி, இன்சூரன்ஸ், ஒப்பந்ததாரர் பதிவு இவற்றின் கடைசித் தேதிகள். தொழில் வரி கட்டும் மாதங்கள். அதைப் பார்த்து, தினசரிக் காலண்டரில் கடைசித் தேதிக்கு நாற்பது நாள் முந்தைய தாளில் சிவப்பு மையால் எழுதிவிடுங்கள். தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும்.

குன்னூர் மழையில் பீரோவுக்குள் வைத்த காகிதமும் பூசணம் பிடிக்கும். அசல்களை ஜிப் உறையில் போட்டு, அடுப்படிப் பக்கத்துச் சுவரலமாரியில் வையுங்கள். நகல்களை இரண்டு செட் எடுத்து ஒன்றைச் சைட்டுக்குக் கொண்டுபோகும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளான் உத்தரவு, ஆட்களின் அட்டை நகல், இன்சூரன்ஸ் பாலிசி, வயர்மேனின் சான்று என்று இந்த நாலும் அந்தப் பையில் இருந்தால் எந்த அதிகாரி சைட்டுக்கு வந்தாலும் பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.